சின்ன எலெக்ட்ரிக் ஸ்கேட்போர்டு: எதற்கு உதவும், எங்கே கைவிடும்

எலெக்ட்ரிக் ஸ்கேட்போர்டு வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று. அடுத்தது என்ன வேகம் போகும் என்று. சின்ன போர்டைப் பொறுத்தவரை அந்த இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டியது வேறு: ஒரு நாளில் அதை எத்தனை முறை கையில் தூக்கப் போகிறீர்கள்? ரயில் ஏறி இறங்க வேண்டும், மாடிப்படி உண்டு, அலுவலகத்தில் மேசைக்கு அடியில் வைக்க வேண்டும் என்றால் சின்ன போர்டுக்கு ஈடு கிடையாது. வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல் வரை ஓட்டிக்கொண்டே போகிறவருக்கு அதே போர்டு தினமும் ஒரு குறையைக் காட்டும்.

சின்ன போர்டு என்று இங்கே சொல்வது 28 முதல் 32 அங்குல டெக் (ஏறி நிற்கும் பலகை), 5 முதல் 8 கிலோ எடை, 200 வாட்-ஹவருக்குள் (பேட்டரி தேக்கிவைக்கும் மின்சாரத்தின் அளவு) அடங்கும் பேட்டரி. இந்த வகையைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியவை கலிஃபோர்னியாவின் பூஸ்டட் நிறுவனம் 2018-இல் கொண்டுவந்த மினி எஸ், மினி எக்ஸ். இரண்டுக்கும் ஏறத்தாழ 75 செ.மீ. டெக். மினி எஸ் 6.8 கிலோ, 99 வாட்-ஹவர், நிறுவனம் சொன்ன தூரம் 11 கி.மீ. மினி எக்ஸ் 7.6 கிலோ, 199 வாட்-ஹவர், 22 கி.மீ. பேட்டரி இரட்டிப்பாகியும் எடை ஒரு கிலோகூடக் கூடவில்லை என்பதைக் கவனியுங்கள். பேட்டரி செல்களின் வகை மாறியது அதற்கு ஒரு காரணம். ஆனால் இன்னொரு உண்மையும் அதில் தெரிகிறது: இந்த போர்டுகளைக் கட்டிப்போடுவது எடையைவிட நீளம்தான். சக்கரங்களைத் தாங்கும் உலோக அச்சு அமைப்புதான் ட்ரக்; முன் ட்ரக்குக்கும் பின் ட்ரக்குக்கும் நடுவே டெக்குக்கு அடியில் நாற்பது செ.மீ. சொச்சம்தான் இடம். அதற்குள் மோட்டாரை இயக்கும் மின்சுற்றான கன்ட்ரோலரும் வேண்டும், பேட்டரியும் வேண்டும். பெரும்பாலும் 20 செல்தான் அடங்கும். நாற்பது செல், ஐம்பது செல் வைக்கும் நீளமான லாங்போர்டோடு இதை ஒப்பிடவே முடியாது. சின்ன போர்டின் நல்லதும் கெட்டதும் அநேகமாக எல்லாமே இந்த இடநெருக்கடியிலிருந்துதான் பிறக்கின்றன.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். 7 கிலோவை ஒரு கையில் பிடித்தபடி ரயில் பெட்டியில் ஐந்து நிமிடம் நிற்க முடியும். 11 கிலோ லாங்போர்டோடு அது நடக்காது. மேல்நோக்கி வளைந்த வால்பகுதியான கிக்டெயிலை மிதித்து மூக்கைத் தூக்கி, நின்ற இடத்திலேயே திரும்பிவிடலாம். நடைபாதை விளிம்பில் இறங்காமலே ஏறலாம். பேட்டரி தீர்ந்தாலும் ஹப் மோட்டார் (சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் மோட்டார்) போர்டைக் காலால் உந்திக்கொண்டு வீடு சேரலாம்; மோட்டார் பெல்ட் வழியாகச் சக்கரத்தைச் சுற்றும் பெல்ட் டிரைவ் என்றால் இழுவை அதிகம், நூறு மீட்டரிலேயே களைத்துப்போவீர்கள்.

தூக்குவதற்கும் முறை இருக்கிறது. முதலில் பவரை அணைக்க வேண்டும். வேகத்தையும் பிரேக்கையும் இயக்கும் கை ரிமோட் பையில் கிடந்து வீல் பொத்தான் அழுந்தினால் சக்கரம் கையிலேயே சுழன்று, விரலையோ சட்டை நுனியையோ இழுத்துவிடும். முன் ட்ரக்கைப் பிடித்து, சக்கரங்கள் வெளிப்பக்கம் பார்க்க, டெக்கின் மேல் ஒட்டியிருக்கும் கிரிப்டேப் உடம்பைத் தொடாமல் தூக்குங்கள். கிரிப்டேப் என்பது உப்புத்தாள்தான். ஒரே மாதத்தில் பேன்ட்டின் பக்கவாட்டுத் துணி தேய்ந்துபோகும். பின்னால் மாட்டும் பை வாங்குவதானால், பட்டை டெக்கைச் சுற்றிப் பிடிக்கும் வகையாகப் பாருங்கள். ட்ரக்கில் கொக்கி மாட்டும் பைகளில் போர்டு நடக்க நடக்க ஆடும்.

பேட்டரிக் கணக்கு

மிகப் பரவலான அமைப்பு 10எஸ்2பி: பத்து செல் வரிசையாக, அதுபோல் இரண்டு வரிசை. பெயரளவு 36 வோல்ட், முழு சார்ஜில் 42, ஏறத்தாழ 30 வோல்ட்டில் துண்டிப்பு. ஒரு செல் 2 ஆம்ப்-ஹவர் என்றால் 144 வாட்-ஹவர், 2.5 என்றால் 180. எழுபத்தைந்து, எண்பது கிலோ உள்ள ஒருவர் நல்ல தார்ச்சாலையில் மணிக்கு 20 கி.மீ.க்கு மேல் போனால் ஒரு கிலோமீட்டருக்கு 10 முதல் 15 வாட்-ஹவர் செலவாகும். அப்படியானால் 144 வாட்-ஹவர் பேட்டரி 10 முதல் 14 கி.மீ. நிறுவனங்கள் சொல்லும் தூரம் எடை குறைந்த ஆள், சமதளம், மிதமான வேகம் என்று எல்லாம் சாதகமாக இருக்கும்போது கிடைப்பது. அதில் 60 சதவீதத்தை மட்டும் உங்கள் தூரமாக எடுத்துக்கொள்ளுங்கள். இப்படிக் கணக்கிட்டு வாங்கியவர்கள் ஏமாந்ததில்லை.

கடைசி கால்பாகம் பேட்டரி தனிக் கதை. இரண்டு வரிசை செல்களும் வயரும் இணைப்புகளும் சேர்ந்து உள்மின்தடை 0.15 ஓம் என்று வைத்துக்கொள்வோம். முடுக்கும்போது 20 ஆம்ப் இழுத்தால் அங்கேயே 3 வோல்ட் இறங்கிவிடும். முழு சார்ஜில் 42 வோல்ட் 39 ஆவதால் ஒன்றும் தெரியாது. பேட்டரி 33 வோல்ட்டுக்கு வந்த நேரம் அதே முடுக்கம் அதை 30-க்கு இழுத்துத் துண்டிப்பு எல்லையில் நிறுத்தும். போர்டு திடீரென்று சோர்ந்துபோகும். சில மாடல்களில் நடுச்சாலையில் மோட்டார் விசையே நின்றுவிடும். காலை நட்டு நிற்பவர் அப்போது முன்னால் சரிவார். ரிமோட்டில் 25 சதவீதம் காட்டத் தொடங்கியதும் வேக மோடைக் குறைத்து, நிதானமாக முடுக்கி ஓட்டினால் இது வராது. லாங்போர்டில் நான்கு வரிசை இருப்பதால் அதே 20 ஆம்ப் நான்காகப் பிரியும், சரிவும் பாதியாகும்.

தேய்மானமும் இப்படியே. தினமும் 12 கி.மீ. ஓட்டுகிறவர் 144 வாட்-ஹவர் பேட்டரியை ஏறக்குறைய முழுதாகக் காலிசெய்து நிரப்புகிறார். 500 வாட்-ஹவர் லாங்போர்டில் அதே தூரம் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. இந்த வகை லித்தியம் செல்கள் 300 முதல் 500 முழுச் சுற்றுகளில் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். வேலைநாள் தோறும் ஓட்டினால் ஒன்றரை, இரண்டு வருடத்தில் அந்த 12 கி.மீ. போர்டு உங்களை வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே இறக்கிவிடும். அலுவலகத்தில் இன்னொரு சார்ஜர் வைத்துக்கொண்டு, பாதி காலியானதும் நிரப்புவது நல்ல வழி. 42 வோல்ட், 2 ஆம்ப் சார்ஜரில் முழுதாக நிரம்ப இரண்டு முதல் இரண்டரை மணி நேரம் ஆகும். ஓட்டி வந்த சூட்டோடு செருகாதீர்கள். அரை மணி ஆறவிடுங்கள். சில வாரங்கள் ஓட்டப்போவதில்லை என்றால் 36 முதல் 38 வோல்ட்டுக்குள் வைத்துவிட்டுப் போங்கள். காலியாக மூலையில் சாத்தி வைக்கப்பட்ட சின்ன பேட்டரிதான் அதிகம் சாகிறது. பேட்டரியைக் கண்காணிக்கும் மின்சுற்றான பி.எம்.எஸ். தானே கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடிக்கும்; 20 செல்லில் அதற்குத் தாங்கும் இருப்பு கிடையாது.

ஏற்றமும் பிரேக்கும்

ஏற்றத்தைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள், பிரேக்கைப் பற்றிப் பேச மாட்டார்கள். உயிர் போவது பிரேக்கில்தான்.

ஆளும் போர்டும் சேர்ந்து 85 கிலோ. 10 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 15 கி.மீ.யில் ஏறச் சக்கரத்தில் சுமார் 415 வாட் வேண்டும். மோட்டார் இழப்புகளைச் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 550 வாட், அதாவது 15 ஆம்ப். இரண்டு வரிசை நல்ல செல்களுக்கு இது முடியாத காரியம் அல்ல. ஹப் மோட்டாருக்குத்தான் சிரமம். மெதுவாகச் சுற்றும்போது அதன் திறன் குறைகிறது, மிச்சம் சூடாகிறது. மோட்டாரைச் சுற்றி யூரிதேன் உறை போர்த்தியிருப்பதால் அந்தச் சூடு எளிதில் வெளியேறாது. தொடர்ந்து அரை கிலோமீட்டர் ஏற்றம் என்றால் கன்ட்ரோலர் விசையைக் குறைக்கும். உறை இளகி அச்சிலிருந்து நழுவியதும் உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோவின் மிஷன் பே போன்ற சமதளத்தில் சின்ன போர்டு ராஜா. அதே நகரத்தின் ஃபில்பர்ட் தெருவில் ஒரு பகுதி 31.5 சதவீதச் சரிவு. அந்த மாதிரி இடத்தில் எந்தச் சின்ன போர்டையும் கையில் எடுத்துக்கொண்டு நடப்பதுதான் முறை. குறைந்த விலை மாடல்களில் பின்னால் ஒரே ஒரு மோட்டார் இருக்கும். ஈரத்திலும் மணலிலும் அந்த ஒற்றைச் சக்கரம் வழுக்கும், பிரேக் பிடித்தால் போர்டு ஒரு பக்கம் இழுக்கும். விலை வித்தியாசம் எவ்வளவாக இருந்தாலும் இரட்டை மோட்டார் எடுங்கள்.

இப்போது பிரேக். இந்த போர்டுகளில் பிரேக் என்பது மோட்டாரை டைனமோவாக்கி, மின்சாரத்தைப் பேட்டரிக்குள் திருப்பித் தள்ளுவது. வாங்கிக்கொள்ளப் பேட்டரியில் இடம் இருந்தால்தான் பிரேக் பிடிக்கும். பரவலாகப் பயன்படும் சாம்சங் 25ஆர் செல்லை எடுத்துக்கொள்ளுங்கள்: 20 ஆம்ப் வெளியே கொடுக்கும், உள்ளே வாங்குவது அதிகபட்சம் 4 ஆம்ப். இரண்டு வரிசைக்கு 8 ஆம்ப், அதாவது 300 வாட் சொச்சம். மணிக்கு 25 கி.மீ.யில் 85 கிலோவைச் சட்டென்று நிறுத்த முதல் நொடியில் ஆயிரம் வாட்டுக்கு மேல் எங்காவது போயாக வேண்டும். அதனால் தயாரிப்பாளர் பிரேக்கை மென்மையாக்குகிறார், இல்லையென்றால் செல்களை வருத்துகிறார். மேல்வேகத்தில் சின்ன போர்டின் பிரேக் தளர்ச்சியாகவும், வேகம் குறையக் குறைய இறுக்கமாகவும் தெரிவதற்கு இது ஒரு காரணம். மணிக்கு 25 கி.மீ.யில் நீங்கள் சுதாரிக்கும் ஒரு நொடிக்குள் 7 மீட்டர் போய்விடுகிறீர்கள். மிதமான பிரேக்கில் நிற்க இன்னும் 12 மீட்டர். 15 கி.மீ. வேகத்தில் மொத்தமே எட்டரை மீட்டர்தான். கூட்டமான இடத்தில் எந்த வேகம் என்பதை இந்த எண்களை வைத்து முடிவு செய்யுங்கள்.

இதைவிட மோசமானது மேட்டில் வீடு உள்ளவர்களின் நிலைமை. ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, காலையில் 42 வோல்ட்டோடு நேராக இறக்கத்தில் இறங்குகிறார்கள். 8 சதவீதச் சரிவில் மணிக்கு 15 கி.மீ.யைப் பிடித்து நிறுத்தியபடி நூறு மீட்டர் உயரம் இறங்கினால் பேட்டரிக்குள் 12 வாட்-ஹவர் அளவுக்குத் திரும்பி வரும். நிரம்பிய பேட்டரியில் அதற்கு இடமே இல்லை. சில போர்டுகள் பீப் ஒலி எழுப்பிப் பிரேக்கைக் குறைக்கும். சில போர்டுகள் பாதுகாப்புக்காக மொத்தத் தொடர்பையும் துண்டிக்கும். அந்தக் கணம் முதல் பிரேக் கிடையாது. தீர்வு எளிது. 40 வோல்ட் வந்ததும் சார்ஜரைக் கழற்றுங்கள், அது சுமார் 85 சதவீதம். தவறி முழுதாக நிரம்பிவிட்டால் சமதளத்தில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் சுற்றிவிட்டு இறங்குங்கள். பத்து சார்ஜுக்கு ஒருமுறை மட்டும் முழுதாக நிரப்பி, பச்சை விளக்கு வந்த பிறகும் ஒரு மணி நேரம் விட்டுவையுங்கள். செல்களின் வோல்ட்டை பி.எம்.எஸ். சமன்செய்வது அந்த நேரத்தில்தான்.

ரிமோட் தொடர்பு அறுந்தாலும் இதே கதிதான். பெரும்பாலான போர்டுகள் பிரேக் பிடிக்காமல் வெறுமனே உருளும். ரிமோட்டைத் தனியாக சார்ஜ் செய்ய மறப்பதுதான் இதற்கு வழக்கமான காரணம். பவரை அணைத்துவிட்டு, பின்காலை எடுத்து ஷூவின் அடிப்பாகத்தைத் தரையில் தேய்த்து நிற்கும் கால்பிரேக்கை ஒரு காலி மைதானத்தில் பழகிக்கொள்ளுங்கள். டெக் தாழ்வாக இருப்பதால் சின்ன போர்டில் இது எளிதாகவே வரும்.

ஆட்டம்

குட்டையான போர்டு சட்டென்று திரும்பும். சந்துகளில் அது வரம். மணிக்கு 25-ஐத் தாண்டினால் அதே குணம் ஆட்டமாக மாறும். முன் ட்ரக் இடதும் வலதுமாகத் துடிக்கத் தொடங்கி, இரண்டு மூன்று நொடியில் ஆளைத் தூக்கியெறியும். கால்களுக்கு இடையே கிடைக்கும் இடைவெளி 40, 45 செ.மீ.தான் என்பதால் லாங்போர்டில் நிற்பதுபோல் அகல நின்று சமாளிக்கவும் முடியாது. ஆட்டம் தொடங்கினால் எடையை முன்காலுக்கு மாற்றி, முழங்காலை மடக்கி, மெல்ல வேகத்தைக் குறைக்க வேண்டும். பயத்தில் பின்னால் சாய்ந்தால் ஆட்டம் கூடும்.

நிறைய பேர் ட்ரக்கின் நடு போல்ட்டான கிங்பின்னின் நட்டை முறுக்கியே இதைச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். ட்ரக்கில் உள்ள ரப்பர் போன்ற வளையமான புஷிங் நசுங்கிப் போர்டு திரும்பாமல் போகுமே தவிர ஆட்டம் முழுதாக நிற்காது. புஷிங்கையே மாற்றுங்கள். கூடவே வரும் புஷிங் பெரும்பாலும் மென்மையானது. 60 கிலோவுக்குள் உள்ளவருக்கு 85ஏ கடினம் போதும், 75 கிலோவுக்கு 90ஏ, 90 கிலோவைத் தாண்டினால் 93 அல்லது 95ஏ. பின் ட்ரக்குக்கு முன்னதைவிட ஒரு படி கடினமாகப் போட்டால் வால் அடங்கி நிற்கும். செலவு குறைவு, பலன் பெரிது; புது போர்டில் முதலில் செய்ய வேண்டிய மாற்றம் இதுதான் என்பேன்.

சக்கரம் பெரும்பாலும் 90 மி.மீ. அதற்கு ஒரு சென்டிமீட்டர் ஜல்லியே போதும் தடுக்கி நிற்க. சான் ஃபிரான்சிஸ்கோ போன்ற ஊரில் ஸ்ட்ரீட்கார் தண்டவாளத்தைச் செங்குத்தாகத்தான் கடக்க வேண்டும்; சாய்வாகப் போனால் சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிடும். 105 மி.மீ. உறை மாட்டினால் ஓட்டம் மென்மையாகும். ஆனால் சாய்ந்து திரும்பும்போது சக்கரம் டெக்கில் உரசி அப்படியே நின்றுபோகலாம். ட்ரக்குக்கும் டெக்குக்கும் நடுவே 6 மி.மீ. ரைசர் (உயரம் கூட்டும் தட்டு) வைத்து, அதற்கேற்ற நீளமான போல்ட் போட்ட பிறகே பெரிய சக்கரம்.

ஸ்பேனர் வேலை அதிகம் இல்லை. கிங்பின்னுக்கு 9/16 அங்குலம், ஆக்சில் நட்டுக்கு 1/2, டெக் போல்ட்டுக்கு 3/8. ஒரு ஸ்கேட் டூலில் மூன்றும் இருக்கும். முதல் வாரத்தில் எல்லா நட்டையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள், அதிர்வில் கண்டிப்பாக ஒன்றிரண்டு தளர்ந்திருக்கும். மோட்டார் மவுண்ட் போன்ற உலோகத்துக்குள் உலோகமாகப் போகும் போல்ட்டுக்கு நீல நிற லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. பிளாஸ்டிக் மூடியின் திருகுகளுக்கு அதைப் போடாதீர்கள், பிளாஸ்டிக் விரிசல் விடும். முன் சக்கர ஆக்சில் நட்டை முழுக்க இறுக்கி, பிறகு கால் சுற்று தளர்த்த வேண்டும். முன் சக்கர பேரிங் சாதாரண 608 தான். ஈரத்தில் ஓடினால் கழற்றித் துடைத்து எண்ணெய் விடலாம், கெட்டால் மாற்றலாம். ஹப் மோட்டாருக்குள் இருக்கும் பேரிங்கை அப்படி எளிதாக எடுக்க முடியாது. தூசியும் நீரும் தாங்கும் தரமாக ஐபி54, ஐபி55 என்று போட்டிருந்தாலும் அது தெறிக்கும் நீருக்குத்தான். தேங்கிய நீருக்குள் விடலாம் என்று பொருள் இல்லை.

சட்டமும் விமானமும்

கலிஃபோர்னியாவில் 2016 ஜனவரி 1 முதல் இதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறது: 16 வயது நிறைந்திருக்க வேண்டும், ஹெல்மெட் கட்டாயம், ஓட்டும் வேகம் மணிக்கு 15 மைலுக்குள். சைக்கிள் தடம் இல்லாத சாலை என்றால் அங்கே வேக வரம்பு 35 மைலைத் தாண்டக் கூடாது. சிங்கப்பூரில் மோட்டார் வைத்த எந்த போர்டும் நடைபாதையிலும் சாலையிலும் கூடாது. சைக்கிள் பாதையில் மட்டும், மணிக்கு 25 கி.மீ.க்குள், யு.எல்.2272 என்ற மின் பாதுகாப்புச் சான்றுள்ள சாதனத்தில். ஜெர்மனியின் 2019 விதி பிடிகம்பு இல்லாத சாதனத்தைப் பொதுச் சாலையில் ஏற்பதில்லை. பிரிட்டனில் தனியார் நிலத்தில் மட்டுமே ஓட்டலாம். ஆர்டர் போடுவதற்கு முன்னால் உங்கள் ஊர் விதியைப் பாருங்கள். பிறகு பார்த்தால் போர்டு சுவரில்தான் சாத்தியிருக்கும்.

99 வாட்-ஹவர் பேட்டரிகள் இருப்பதற்குக் காரணம் விமானம். கைப்பையில் 100 வாட்-ஹவர் வரை பொதுவாக அனுமதி, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், அதற்கு மேல் பயணி கொண்டுபோக முடியாது. ஆனால் பேட்டரி எவ்வளவு சின்னதானாலும் எலெக்ட்ரிக் ஸ்கேட்போர்டையே ஏற்காத விமான நிறுவனங்கள் பல உண்டு. பேட்டரியைக் கழற்ற முடிகிற மாடலாக இருந்தாலும் டிக்கெட் எடுக்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

பழைய போர்டு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பூஸ்டட் 2020-இல் செயல்பாட்டை நிறுத்தியது. அதன் பேட்டரி அந்த போர்டுக்கென்றே செய்யப்பட்டது என்பதால், நல்ல நிலையில் இருந்த போர்டுகளுக்குக்கூட மாற்று பேட்டரி தேடுவது கஷ்டமாகிவிட்டது. சாதாரண 10எஸ் பேக் ஏற்கும் போர்டு என்றால் யாராவது ஒரு பேட்டரிக் கடைக்காரர் உதவ முடியும். நேரில் பார்க்கப் போகும்போது ஒரு மல்டிமீட்டர் எடுத்துப் போங்கள். முழு சார்ஜ் என்று சொல்லும் 10எஸ் பேக் சார்ஜிங் துளையில் 41.5 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால், ஒரு செல் தொகுதி பின்தங்கியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். சில போர்டுகளில் அந்தத் துளையில் வோல்ட்டே காட்டாது. அப்போது ரிமோட் சதவீதத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் ஓட்டுங்கள். 144 வாட்-ஹவர் போர்டில் 20 சதவீதம் குறைந்தால் சரி. 35-ஐத் தாண்டினால் பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். கடைசியாகப் போர்டைத் தலைகீழாக வைத்து, பவரை அணைத்து, பின்சக்கரங்களைக் கையால் சுற்றுங்கள். காந்தத்தின் சீரான தடங்கல் இருக்கும், அது இயல்பு. கரகரவென்று உரசும் சத்தம் கேட்டால் மோட்டார் பேரிங் போய்விட்டது.